"விரட்டும்"னு ஒரு வார்த்தை போட்டீங்களே, அதைப் பத்திதான் இந்தக் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன். முப்பது வருஷம் அரசுப் பள்ளிக்கூடத்துல பிளஸ் டூ பசங்களுக்கு வேதியியல் நடத்திட்டு ரிட்டயர் ஆனவ. எங்க மாமனார் காலத்துல இருந்து உங்க பேப்பர்தான் வாங்குறோம், அந்த உரிமையில கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல "புற்றுநோயை விரட்டும் பத்து உணவுகள்"னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, மஞ்சள், பூண்டு, மாதுளை, முட்டைக்கோஸ்னு படமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அந்தப் பத்தும் நல்ல சாப்பாடுதான், அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா அதே பக்கத்துல கீழ்ப்பாதியில மஞ்சள் சத்து மாத்திரைக்கு விளம்பரம், அதுக்கும் அதே கலர், அதே மாதிரி எழுத்து. மேல இருக்கிறது கட்டுரை, கீழ இருக்கிறது காசு வாங்கிட்டு போட்டதுன்னு பிரிச்சுப் பாக்குறதுக்கு உக்காந்து யோசிக்கணும் சார், வீட்ல ஒருத்தருக்கு கட்டி இருக்குன்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கு யாரும் அப்படி உக்காந்து யோசிக்க மாட்டாங்க. அந்த "விரட்டும்"ங்கிற வார்த்தையைப் பிடிச்சுக்குவாங்க. எங்க வீட்ல அதுதான் நடந்துச்சு.

எங்க நாத்தனார் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில இருக்காங்க, என்னை விட ஆறு வயசு பெரியவங்க, நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். போன வருஷம் மார்புல சின்ன நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, வலியே இல்ல, தற்செயலா கையில பட்டுச்சு. டெஸ்ட் எடுத்துப் பாத்து, ஆபரேஷன் பண்ணி அப்புறம் கீமோ குடுத்துடலாம், ஆரம்பத்துலயே வந்துட்டீங்கன்னு டாக்டர் தைரியமாத்தான் சொன்னார். அக்கா சரின்னு தலையாட்டிட்டு வந்து வீட்ல உக்காந்துட்டாங்க. அப்புறம் ஒரு பேப்பர் கட்டிங்கும் நாலஞ்சு வாட்சப் மெசேஜும் வச்சுக்கிட்டு ஏழு மாசம் மஞ்சள் மாத்திரை, முள்ளு சீத்தா ஜூஸு, வெறும் வயித்துல ஏதோ பொடி. நான் போய் கேட்டப்ப, "இயற்கையா குணமாகுறதை விட்டுட்டு எதுக்கும்மா உடம்புல கெமிக்கல் ஏத்திக்கணும்"னு கேட்டாங்க. முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தினவளுக்கு அன்னிக்கு அவங்க பயப்படாத மாதிரி பதில் சொல்லத் தெரியல. ஏழு மாசம் கழிச்சு கட்டி அக்குள் வரைக்கும் போயிருந்துச்சு. இப்ப ஆஸ்பத்திரியில வாராவாரம் டிரிப் ஏறுது, அக்கா தாங்கிக்கிட்டு இருக்காங்க, நல்லா வருவாங்கன்னு நம்புறோம், ஆனா முதல்லயே முடிஞ்சிருக்க வேண்டிய வைத்தியம் இப்ப ரொம்ப பெருசா ஆயிடுச்சு.

அந்த டிரிப்ல ஏறுற மருந்து என்னன்னு சீட்டு வாங்கிப் பாத்தேன், பாக்லிடாக்ஸல்னு இருந்துச்சு. இது ஒரு மரத்தோட பட்டையில இருந்து வந்தது சார். அமெரிக்காவுல மேற்குக் கடற்கரைப் பக்கம் வளர்ற பசிபிக் யூங்கிற மரம், 1962ல அந்தப் பட்டைய சேகரிச்சாங்க, மன்ரோ வால், மன்சுக் வானின்னு ரெண்டு விஞ்ஞானிங்க (வானி நம்ம இந்தியாவுல பொறந்து போனவர்தான்) அதுக்குள்ள இருந்த சத்தைப் பிரிச்செடுத்து 1971ல அதோட அமைப்பை வெளியிட்டாங்க, அது மருந்தா அனுமதி வாங்கினது 1992ல. நடுவுல எவ்வளவு வருஷம்னு பாத்துக்கோங்க. எவ்வளவு குடுத்தா செல் சாகும், எவ்வளவு குடுத்தா ஆளுக்கே ஆபத்து, யாருக்குக் கேக்குது யாருக்குக் கேக்கலன்னு ஒவ்வொண்ணா பாக்குறதுக்கு அத்தனை வருஷம் ஆச்சு. அக்கா இயற்கைன்னு தேடினாங்களே, அது அவங்க வேணாம்னு தள்ளி வச்ச அந்த பாட்டில்லயே இருந்துச்சு.

அவ்வளவு தூரம் கூட போக வேணாம். நம்ம ஊர் வாசல்ல, கோயில் ஓரத்துல, சுடுகாட்டு மதில் பக்கத்துல ரோஸ் கலர்லயும் வெள்ளையாவும் தானா பூத்துக் கிடக்குமே நித்யகல்யாணி, சுடுகாட்டு மல்லின்னு கூட சொல்வோம், அந்தச் செடியில இருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின்னு ரெண்டு மருந்து. 1950கள்ல கனடாவுல ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர்னு ரெண்டு பேரு, சக்கரை வியாதிக்கு இந்த இலை கேக்குதான்னு பாக்கப் போய், சக்கரை குறையல, ஆனா எலிங்களுக்கு ரத்தத்துல வெள்ளை அணு சடசடன்னு குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. வெள்ளை அணு தாறுமாறா பெருகுறதுதானே ரத்தப் புற்றுநோய், அப்ப இதுக்கு ஆகுமேன்னு அங்கிருந்து போன பாதை. இன்னிக்கு ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்க நல்ல சிகிச்சை கிடைச்சா பிழைச்சு வீட்டுக்கு வர்றாங்கன்னா, அதுல குடுக்கிற முக்கியமான மருந்துகள்ல இந்த வின்கிரிஸ்டினும் ஒண்ணு. நூத்துக்கணக்கான கிலோ இலைய காய வச்சாத்தான் கிராம் கணக்குல கிடைக்கும், பெரியவங்களுக்கே ஒரு தடவைக்குப் பொதுவா 2 மில்லிகிராமுக்கு மேல போக மாட்டாங்க. இதைப் படிச்சிட்டு யாராவது நித்யகல்யாணி இலைய பறிச்சு கஷாயம் போட்டுடக் கூடாதுன்னு பயந்துக்கிட்டேதான் எழுதுறேன், தயவுசெஞ்சு போடாதீங்க, நல்லா இருக்கிற வெள்ளை அணுவையும் அது இறக்கிடும், நரம்பையும் பாதிக்கும்.

சரி, அப்ப சாப்பாட்டுக்கு ஒண்ணுமே இல்லையான்னு கேப்பீங்க. நிறைய இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவு ஆத்திரம். செடி ஓடிப் போக முடியாது, பூச்சி கடிச்சாலும் வெயில் எரிச்சாலும் நின்ன இடத்துலதான் சமாளிக்கணும், அதுக்காக அது தனக்குத்தானே செஞ்சு வச்சுக்கிற காரம், கசப்பு, துவர்ப்பு, கலர் இதெல்லாம்தான் நீங்க கட்டுரையில போட்ட தாவரச் சத்துங்க. அதை நாம கொஞ்சமா சாப்பிடும்போது உடம்பு அதை லேசான விஷம் மாதிரி எடுத்துக்கிட்டு, ஈரல்லயும் குடல்லயும் நச்சை முறிக்கிற என்ஸைம்களை, அதாவது உடம்புல ரசாயன வேலைய வேகமா நடத்தி வைக்கிற நொதிகளை, முடுக்கி விடுது. முட்டைக்கோஸ் வகையில வர்ற சல்ஃபோராஃபேன் இப்படித்தான் வேலை செய்யுதுன்னு 1992ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல பால் டலாலேயோட குழு பிராக்கோலியில இருந்து எடுத்துக் காட்டினாங்க. இதைப் புரிஞ்சுக்கிட்டா கொஞ்சமா, தினமும், பல வகையா சாப்பிடுறது ஏன் நல்லதுன்னு புரியும், ஒரே சத்தைப் பிழிஞ்சு மாத்திரையா முழுங்குறது ஏன் வேற சமாச்சாரம்னும் புரியும்.

எங்க பக்கத்து சமையலையே எடுத்துக்கோங்க. சித்திரை வெயில்ல கடலூர்லயும் பாண்டியிலயும் மொட்டை மாடி மொட்டை மாடியா வடகம் காயும், சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் இடிச்சு விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிச்சு நாள் கணக்கா காய வச்சு எடுத்து வைப்போம், மீன் குழம்புக்கும் கீரைக்கும் அதுதான் தாளிப்பு (பிரெஞ்சுக்காரன் இதைப் பாண்டியில இருந்து எடுத்துட்டுப் போய் வாதுவான்னு பேரு வச்சு இன்னிக்கு பாரீஸ் வரைக்கும் விக்குது). அந்த ஒரு உருண்டையில எத்தனை வகை தாவரச் சத்துன்னு எண்ணிப் பாருங்க, எந்த மாத்திரையிலயும் அவ்வளவு வகை கிடையாது.

சமைக்கிற விதத்துலயும் விஷயம் இருக்கு, இதையெல்லாம் நீங்க போட்டிருந்தா எவ்வளவு உபயோகமா இருந்திருக்கும். பூண்டோட கார வாசனைக்குக் காரணமான சத்து அல்லிசின், முழுப் பூண்டுல அது கிடையவே கிடையாது, நசுக்கும்போதுதான் உள்ள தனித்தனியா இருக்கிற ரெண்டு பொருள் (அதுல ஒண்ணு என்ஸைம்) சேர்ந்து அது உண்டாகுது, அதனால நசுக்கின உடனே எண்ணெயில போடாம பத்து நிமிஷம் அப்படியே விட்டுட்டுப் போட்டா அந்த என்ஸைம் வேலைய முடிச்சிருக்கும். முட்டைக்கோஸும் முள்ளங்கியும் அப்படித்தான், நறுக்கினப்புறம் கொஞ்ச நேரம் விடணும், ரொம்ப வேக வச்சா என்ஸைம் செத்துடும், ஆனா வறுக்காத கடுகுல அதே என்ஸைம் இருக்கு, இறக்கினப்புறம் ஒரு சிட்டிகை கடுகுப் பொடி தூவினா மறுபடி அது வேலைய ஆரம்பிச்சிடும். தக்காளி நேர் எதிர், பச்சையா சாப்பிடுறதை விட எண்ணெயில வதக்கினாத்தான் அதோட சிவப்புச் சத்து லைகோபீன் உடம்புல நல்லா சேரும், நம்ம தக்காளித் தொக்கு அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். சின்ன வெங்காயத்துல சத்து வெளித்தோலை ஒட்டின அடுக்குலதான் அதிகம், உரிக்கிறேன்னு ரெண்டு அடுக்கைச் சேர்த்துத் தூக்கிப் போட்டுடாதீங்க. கத்தரிக்காயோட ஊதாத் தோலும் நாவல் பழமும் கருப்புக் கவுனியும் ஒரே குடும்பத்துக் கலர்தான், ஆந்தோசயனின்.

இப்ப மஞ்சளுக்கு வரேன். மஞ்சள் தூள்ல அதோட முக்கியச் சத்தான குர்குமின் சுமாரா நூத்துக்கு மூணு பங்குதான், ஒரு ஆள் சாப்பிடுற குழம்புல இருபது முப்பது மில்லிகிராம் இருந்தா பெரிசு. அதையும் ஈரல் உடனே மாத்தி வெளிய தள்ளிடும், ரத்தத்துல தேடினாலும் கிடைக்காத அளவுக்கு. 1998ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகோட காரச்சத்து, சேர்த்துக் குடுத்தா ரத்தத்துல சேர்றது பல மடங்கு கூடுது, 2000 சதவீதம்னு கணக்கு. எல்லா மாத்திரை டப்பாவுலயும் இந்த 2000 சதவீதம்தான் பெருசா அச்சாகியிருக்கும். எப்படிக் கூடுதுன்னு எந்த டப்பாவுலயும் போட மாட்டாங்க. பொருளை உடைச்சு வெளிய தள்ளுற ஈரல் வேலையை மிளகுச் சத்து மந்தப்படுத்துது, அதனாலதான் கூடுது. அப்ப அதே ஈரல் உடைக்க வேண்டிய மத்த மருந்துங்க என்ன ஆகும்? எங்க அக்காவுக்கு ஏறுற பாக்லிடாக்ஸலை உடைக்கிறதுல பங்கெடுக்கிற ஒரு என்ஸைமும் பைப்பரின் மந்தப்படுத்துற லிஸ்ட்ல இருக்கு. ரசத்துல போடுற மிளகைப் பத்தி யாரும் கவலைப்பட வேணாம், டாக்டர்கிட்ட சொல்லாம கீமோ ஓடும்போதே அந்த மாத்திரையையும் போட்டுக்கிறதுதான் எனக்கு பயம். குர்குமின் மாத்திரையால ஈரல் கெட்டுப் போனவங்க கேஸும் பதிவாகியிருக்கு, கிரீன் டீ சாறு மாத்திரையும் அப்படித்தான், அதுல இருக்கிற இ.ஜி.சி.ஜி.ங்கிற சத்தை 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் தினம் எடுத்தா ஈரல் பாதிப்போட அடையாளம் தெரியுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018லயே சொல்லிடுச்சு. டீயா குடிச்சா பொதுவா ஒண்ணும் இல்ல.

அந்த முள்ளு சீத்தா மெசேஜ் "கீமோவை விட பத்தாயிரம் மடங்கு சக்தி"ன்னு இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. அது முழுப்பொய் கூட இல்ல, அதனாலதான் ஆபத்து. 1996ல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில, அந்தப் பழத்து விதையில இருந்து பிரிச்ச ஒரு பொருள், கண்ணாடித் தட்டுல வளர்த்த பெருங்குடல் புற்று செல்லை ஒரு கீமோ மருந்தை விட பத்தாயிரம் மடங்கு வீரியமா கொன்னுச்சுன்னு இருந்தது உண்மை. தட்டுல செல்லை எத்தனையோ பொருள் கொல்லும் சார், பிளீச்சிங் பவுடர் கூடக் கொல்லும். ஆளுக்குள்ள போய், நல்ல செல்லை விட்டுட்டு, கெட்ட செல்லை மட்டும் தேடிக் கொல்லணும், அதை இன்னும் யாரும் மனுஷங்ககிட்ட காட்டல. இன்னொரு பக்கம் கரீபியன் தீவு குவாதலூப்ல அந்தக் குடும்பத்துப் பழமும் இலைக் கஷாயமும் ரொம்ப சாப்பிட்டவங்ககிட்ட பார்க்கின்சன் மாதிரி ஒரு நரம்பு வியாதி அதிகமா தெரியுதுன்னு 1999ல எழுதினாங்க. அக்கா ஏழு மாசம் குடிச்சது அதுதான்.

நல்ல சத்துதானே, அதிகமா குடுத்தா இன்னும் நல்லதுதானேன்னு பெரிய பெரிய டாக்டருங்களே நினைச்சு ஏமாந்தாங்க. கேரட், பரங்கிக்காய், கீரை நிறைய சாப்பிடுறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கம்மியா இருக்குன்னு பாத்துட்டு, அதுல இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கி பின்லாந்துல 29,133 ஆம்பளைங்களுக்கு, எல்லாரும் சிகரெட் பிடிக்கிறவங்க, அஞ்சுல இருந்து எட்டு வருஷம் சோதனை பண்ணாங்க. 1994ல முடிவு வந்துச்சு, மாத்திரை சாப்பிட்ட பக்கத்துல நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறையல, அதிகமாச்சு! அமெரிக்காவுல சிகரெட் பிடிக்கிறவங்களையும் ஆஸ்பெஸ்டாஸ் வேலை செஞ்சவங்களையும் வச்சு நடந்த இன்னொண்ணுல 28 சதவீதம் அதிகம், 1996ல பாதியிலயே நிறுத்திட்டாங்க. கேரட் சாப்பிட்டவங்க நல்லா இருந்ததுக்கு அந்த ஒரு சத்து மட்டும் காரணம் இல்ல, கேரட்ல கூட இருந்த நூறு விஷயம், நார்ச்சத்து, கேரட் வாங்கி சமைச்சு சாப்பிடுற பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் இருக்கணும். இந்தக் கதைய வருஷத்துக்கு ஒரு தடவையாவது உங்க இணைப்புல போடுங்க.

இன்னொண்ணு, செடியில இருந்து வந்தா நல்லதுன்னு ஒரு நினைப்பு நமக்கு ஊறிப் போயிருக்கு. பாக்கும் செடியில இருந்துதான் வருது. எங்க கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) மீன்பிடி ஹார்பர் பக்கம் போய்ப் பாருங்க, வலை பிரிக்கிற தம்பிங்க, ஐஸ் உடைக்கிறவங்க, கூடை தூக்குற அம்மாங்க, வாயில அடக்காதவங்களை எண்ணிடலாம், கேட்டா "பொகையில போடலக்கா, வெறும் பாக்குதான்"னு சொல்வாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ல வெறும் பாக்கையே முதல் பிரிவுல வச்சிடுச்சு, அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு சந்தேகத்துக்கு இடமில்லாம தெரிஞ்ச பொருள். பாக்கு போட்டுப் போட்டு வாய் திறக்க முடியாம ரெண்டு விரல் கூட நுழையாத நிலைமையில என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் வந்து நின்னான், வயசு முப்பது கூட இல்ல. அந்தப் பத்து உணவுப் பக்கத்துல பாக்கைப் பத்தி ஒரு வரி இல்ல, உங்க பேப்பர் அதிகமா போற ஊர்ங்கள்ல ஒண்ணு இது.

ஆடுதீண்டாப்பாளையும் மூலிகைதான், அதுல இருக்கிற அரிஸ்டோலோகிக் அமிலம் கிட்னியைக் கெடுத்து சிறுநீர்ப் பாதையில புற்றுநோய் உண்டாக்குது, அதுவும் அதே முதல் பிரிவு, 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பொம்பளைங்க வரிசையா கிட்னி போய் நின்னதுலதான் இந்தக் குடும்பத்துச் செடியோட குணம் வெளிய வந்துச்சு. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) காடுங்க நம்மளது, ஈரத்தோட மூட்டை கட்டினா பிடிக்கிற பூஞ்சையில அஃப்லாடாக்ஸின்னு ஒரு விஷம் வரும், ஈரல் புற்றுநோய்க்கு நேரடிக் காரணம், வறுத்தாலும் முழுசா போகாது. சொத்தையும் பூஞ்சையுமா இருக்கிற மணியை வீணாக்க வேணாமேன்னு செக்குல குடுத்து ஆட்டிடுறாங்க சில இடத்துல, செக்கெண்ணெய் சுத்திகரிக்காத எண்ணெய், விஷம் எண்ணெய்லயும் வரும். நல்ல மணியா பொறுக்கி ஆட்டுனா செக்கெண்ணெய் மாதிரி வராது, நானும் அதுதான் வாங்குறேன், ஆனா முன்னாடி நின்னு பாத்துட்டுத்தான் வாங்குறேன். பாண்டியில சாராயம் சீப்புன்னு வண்டி கட்டிக்கிட்டு வர்றவங்களுக்கும் சொல்லணும், 1988லயே அதையும் அதே பிரிவுல வச்சாச்சு.

அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க 2018ல ஒரு கணக்கு போட்டாங்க, பரவாத நிலையில இருக்கும்போதே ஆஸ்பத்திரி வைத்தியத்தை விட்டுட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவங்க 281 பேரை, அதே மாதிரி நிலைமையில வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களோட வச்சுப் பாத்தா இறக்குற அபாயம் ரெண்டரை மடங்கு, மார்புப் புற்றுநோய்ல மட்டும் பாத்தா அஞ்சு மடங்குக்கு மேல. அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு கை நடுங்கிடுச்சு.

அதனால ஆசிரியர் அவர்களே, நான் கேக்கிறது இதுதான். "விரட்டும்", "அழிக்கும்", "குணமாக்கும்" இந்த வார்த்தைங்களை சாப்பாட்டுக் கட்டுரைத் தலைப்புல போடாதீங்க, "வர்ற வாய்ப்பைக் குறைக்க உதவலாம்"னு போடுங்க, கவர்ச்சியா இருக்காது, தெரியும், ஆனா அதுதான் நிஜம். மாத்திரை விளம்பரத்தை அந்தப் பக்கத்துல இருந்து வேற பக்கத்துக்கு மாத்துங்க. கட்டி இருக்கிறவங்க முதல்ல டாக்டரைப் பாக்கணும்னு கட்டுரைக்குக் கீழ இல்ல, மேலயே தடிச்ச எழுத்துல போடுங்க, நம்ம பக்கத்துக்கு பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியிலயே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கு, கடலூர்ல இருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல பாண்டி, அதையும் சேர்த்துப் போடுங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஒன்பதுல இருந்து பதினாலு வயசுக்குள்ள போடுற எச்.பி.வி. தடுப்பூசிய பத்தி ஒரு முழுப் பக்கம் எழுதுங்க, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும்னு நிரூபிச்ச விஷயம் அது.

கடிதம் நீளம்னு எனக்கே தெரியுது. இடம் இல்லேன்னா வடகத்தை வெட்டிக்கோங்க, மரப்பட்டைக் கதைய கூட வெட்டிக்கோங்க. பாக்கைப் பத்தி எழுதினதையும், மருந்து ஓடும்போது மாத்திரை போட்டுக்கிறதைப் பத்தி எழுதினதையும் மட்டும் வெட்டாம போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.